காற்றின் பங்கு

தேனி ஸ்டேஷனில் இறக்கிய இரண்டு பெட்டிகளையும் வண்டியில் ஏற்றுவதற்குள் சுமை தூக்குகிறவர்களுக்கு மூச்சு வாங்கிவிட்டது. பார்வைக்கு ஒவ்வொன்றும் ஒரு நெல் மூட்டையைவிடச் சிறியதுதான். ஆனால் உள்ளே ஓர் இரும்புக் குண்டு, அதைச் சுற்றிக் கனத்த ஈயக் கட்டிகள்.

"உள்ள என்னய்யா வச்சிருக்கீக, பாறாங்கல்லா?"

"வெறும் காத்துதாண்ணே," என்று சிரித்தான் சுந்தர்ராஜ். அவன் சொன்னது பொய்யில்லை. இரும்புக் குண்டுக்குள் அழுத்தி அடைத்த வாயுவும், தலைமுடியைவிட மெல்லிய ஒரு பளிங்கு இழையும் தவிர வேறொன்றும் கிடையாது.

அது 1938ஆம் வருஷம், கார்த்திகை. சுந்தர்ராஜுக்குச் சென்னையில் ஒரு கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் வேலை. வானத்துக்கு அப்பாலிருந்து ஓயாமல் விழுந்துகொண்டிருக்கும் காஸ்மிக் கதிர்களை அளப்பதுதான் அவனுடைய பேராசிரியர் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி. பூமியின் காந்தம் அந்தக் கதிர்களில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுகிறது. அதனால் நம் பக்கத்தில் குறைவாகவும், வடக்கே போகப் போக அதிகமாகவும் அவை வந்து சேருகின்றன. எவ்வளவு குறைவு என்று தெரிய வேண்டுமானால் ஒரு பெட்டியைக் கப்பலில் ஏற்றி, கொழும்பிலிருந்து லண்டன்வரை வழியெல்லாம் அளந்துகொண்டே போக வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். நடுவில் காற்று இருக்கிறது. காற்றின் கனம் கூடினால் கதிர்கள் வழியிலேயே நின்றுபோகும். குறைந்தால் கூடுதலாக வந்து விழும். கப்பலோ ஒரு நாள் புயலில் இருக்கும், மறுநாள் வெயிலில் இருக்கும். எது காந்தத்தால் வந்த மாற்றம், எது வானிலையால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் இரண்டாவது பெட்டி. அது இருந்த இடத்தைவிட்டு நகரவே கூடாது. நகராத பெட்டிக்குக் காந்தம் மாறாது, உயரமும் மாறாது. அதில் தெரிகிற ஏற்ற இறக்கமெல்லாம் வானிலையின் வேலையாகத்தான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டால் கப்பல் கணக்கிலிருந்து காற்றின் பங்கைக் கழித்துவிடலாம்.

பூமிக் காந்தத்தின் நடுக்கோட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பக்கத்தில் இருந்தது. சுந்தர்ராஜின் அப்பா கருத்தக்கண்ணனுக்குச் சின்னமனூருக்குத் தெற்கே, முல்லையாற்றை ஒட்டி ஒரு தென்னந்தோப்பும் இருந்தது. பெட்டியின் ஈயம் மண்ணிலிருந்து வரும் கதிர்களைத் தடுக்க வைத்தது; அதன்மேல் கனமான கூரையும் இருந்தால் வானத்துக் கதிர்களும் நின்றுவிடும் என்பதால் தோப்புக்குள் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வருவதாக இருந்த கல்லூரி உதவியாளர் கடைசி நேரத்தில் வரவில்லை. கம்பத்துக் காய்ச்சல் என்றால் அப்போது மதுரைக்காரர்களே பயப்படுவார்கள்.

சுந்தர்ராஜ் தன் மனைவியைப் பார்த்தான்.

கஸ்தூரியம்மாள் மதுரையில் தங்கி, கணக்குப் பாடம் எடுத்து இண்டர்மீடியட் தேறியவள். கல்யாணமாகி நாலு வருஷமாகியிருந்தது. அவன் சென்னையில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இவள் மாமனார் வீட்டில் இருந்தாள். பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் வருவான். வந்தாலும் புத்தகமும் கையுமாகத்தான் இருப்பான். குழந்தை இல்லை. அவர்கள் இருவரும் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் பேசியதாக அவளுக்கு நினைவில்லை.

"நகராத பெட்டிக்குத்தான் பொறுமையான ஆள் வேணும் கஸ்தூரி," என்றான். "கப்பல்ல போறதை யாரு வேணும்னாலும் செய்யலாம்."

"அப்ப நீங்க இங்கன இருங்க. நான் கப்பல்ல போறேன்."

அவன் ஒரு கணம் திகைத்து, பிறகு வாய்விட்டுச் சிரித்தான். அவனைத் தான் சிரிக்கவைத்தது அதுதான் முதல் தடவை என்பது அவளுக்கு உறைத்தது.

அடுத்த இரண்டு வாரமும் அவர்கள் அந்தக் கொட்டகைக்குள்ளேயே இருந்தார்கள். இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுபோலக் காட்டுகின்றனவா என்று பார்க்க வேண்டியிருந்தது. பாட்டரியால் இழைக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும்; கதிர்கள் பாயப் பாய அது வடிந்து இழை நகரும். பிறகு சின்ன மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, இழை ஒரு கோட்டிலிருந்து இன்னொரு கோட்டுக்கு நகர எவ்வளவு நேரமாகிறது என்று ஸ்டாப் வாட்சில் அளக்க வேண்டும். சீக்கிரம் நகர்ந்தால் கதிர்கள் அதிகம். மெதுவாக நகர்ந்தால் குறைவு. கூடவே, காற்றின் கனத்தைக் காட்டும் பாரோமீட்டரின் பாதரசத்தையும் தெர்மாமீட்டர் காட்டும் சூட்டையும் எழுத வேண்டும்.

"மூச்சை மெல்ல விடு. பெட்டி ஆடக் கூடாது," என்று அவள் காதோரம் சொல்லிக்கொடுத்தான். ஒரு தடவை அவள் எடுத்த அளவும் அவன் எடுத்த அளவும் அப்படியே ஒத்துப்போனபோது அவள் முதுகில் ஓங்கித் தட்டிவிட்டு, கூடப் படித்த பையனைத் தட்டுவதுபோலத் தட்டிவிட்டோமே என்று வெட்கப்பட்டான். அவளுக்கு அந்த வலி அன்று முழுக்க இனிப்பாக இருந்தது.

பிறகு ஒரு பெட்டி வண்டியேறியது. அவனும் ஏறினான். "ஒரு நாளும் விட்றாத," என்றான். அவ்வளவுதான்.

காலை, நடுப்பகல், பொழுது சாயும் நேரம் என்று மூன்று வேளையும் அவள் தோப்புக்குப் போனாள். அளக்கிற நேரத்தில் யாரும் கிட்டே நடக்கக் கூடாது என்பதால் தோப்பில் வேலை செய்கிறவர்களும் அந்தப் பக்கம் வருவதை விட்டார்கள். உறவுப் பெண்கள் வெற்றிலை போட்டுப் பேச உட்காரும் வேளையும், அவள் பெட்டிக்குப் போகும் வேளையும் ஒன்றாக அமைந்தன. முதலில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகு கூப்பிடுவதில்லை.

மாமியார் முருகம்மாள் வாய்க்கு யாரும் தப்புவதில்லை. "புருசன் கப்பல்ல குடும்பம் நடத்துறான், பொண்டாட்டி பெட்டியோட குடும்பம் நடத்துறா. எனக்குப் பேரன் எங்கிட்டிருந்து வரும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

கப்பலிலிருந்து கணக்குத்தாள்கள் கட்டுக் கட்டாக வந்தன. கொழும்பு, ஏடன், போர்ட் செய்த், மார்செய்ல்ஸ், லண்டன். கூட ஒரு துண்டுக் காகிதத்தில் "சுகம். இத்துடன் உள்ளவற்றைத் தனித்தனியே பிரித்து வை" என்று இருக்கும். அவன் கடலைப் பற்றி ஒரு வரி எழுதினதில்லை. ஆனால் பாரோமீட்டரும் தெர்மாமீட்டரும் இருந்த பத்திகளை அவள் திரும்பத் திரும்ப வாசித்தாள். அரபிக் கடலில் ஒரு பகல் முழுக்க எண்கள் கோணலும் மாணலுமாக இருந்தன. கப்பல் ஆடியிருக்க வேண்டும். செங்கடலில் அறைக்குள் உடம்புச் சூட்டைத் தாண்டிய வெக்கை. லண்டன் நெருங்கும்போது கம்பத்துக்காரர்கள் யாரும் பார்த்திராத குளிர். அவன் கம்பளிச் சட்டை எடுத்துப் போனானா என்று அப்போதுதான் நினைத்தாள். எழுதிக் கேட்டாள். பதிலில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

முதல் பயணம் முடிந்து கொழும்புக்கு வந்தபோது ஊருக்கு வர நேரமில்லை என்று எழுதிவிட்டான். இரண்டாவது முடிந்து, கோடையில் வந்தான். கறுத்து இளைத்திருந்தான். கண் மட்டும் மின்னியது.

"பன்னெண்டு சதவீதம் கஸ்தூரி! வடக்கே இருந்து கொழும்புக்கு வர்றதுக்குள்ள பன்னெண்டு சதவீதம் கொறையுது. சார்கிட்டச் சொன்னேன், அவரு நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு."

"செங்கடல்ல ரொம்ப வெக்கையோ?"

"சட்டையப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டேன். உனக்கு எப்படித் தெரியும்?" என்றவன், தெர்மாமீட்டர் பத்தி நினைவுக்கு வந்து, "ஓ," என்றான். அவனைப் பார்க்க நாலு பேர் வந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றுபோனது. சில நாளில் சென்னைக்குப் போய், ஆவணியில் திரும்பவும் கப்பலுக்குக் கிளம்பினான். அவன் கொழும்பில் இருக்கும்போதே ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கிவிட்டது. கப்பல் போக்குவரத்து நிற்காது, புறப்படத்தான் தாமதமாகிறது, இந்த ஒரு தடவை போய் வந்தால் வேலை முடிந்துவிடும் என்று எழுதினான்.

ஐப்பசியில் வங்கக் கடலில் புயல். மலைகள் மறித்ததால் பள்ளத்தாக்கில் காற்று அவ்வளவாக இல்லை. ஆனால் விடிந்ததிலிருந்து பாரோமீட்டரில் பாதரசம் இறங்கிக்கொண்டே போயிற்று. நம் பக்கத்தில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் பாதரசம் பெரிதாக ஏறுவதோ இறங்குவதோ கிடையாது. காற்றின் கனத்துக்கும் கதிருக்கும் உள்ள விகிதத்தை அந்தச் சின்ன அசைவிலிருந்து பிடிக்க முடியாமல் அவள் திணறிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அது தானாக வந்து வாசலில் நின்றது. அவள் கொட்டகையைவிட்டு நகரவில்லை. அளந்து முடித்து, இழைக்கு மறுபடி மின்சாரம் ஏற்றி, மறுபடி அளந்தாள்.

மத்தியானம் மழையோடு காற்றும் பிடித்தது. கருத்தக்கண்ணன் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்.

"ஆத்தா, கீத்து பறக்கப் போகுது. எந்திரிச்சு வா."

"இன்னும் எறங்குது மாமா. இப்ப விட்டா இனிமே எப்ப வருமோ."

"எது எறங்குது?"

"காத்தோட கனம்."

கூரையின் ஒரு மூலை தூக்கியது. அவர் வெளியே போய், அந்த மூலையில் கட்டியிருந்த கயிற்றைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்துக்கொண்டு மழையிலேயே நின்றார். அவள் அளவெடுத்துத் தலையை நிமிர்த்தும்போதெல்லாம் கீற்றுத் தடுப்பின் இடுக்கில் அவருடைய நனைந்த முழங்கை தெரிந்தது.

"இது கொறஞ்சா என்ன ஆகுது?" என்று அங்கிருந்தே கேட்டார். இத்தனை நாளில் அவர் கேட்டது அது ஒன்றுதான்.

"மேல இருந்து வர்றது கூட வருது மாமா. இன்னிக்கு எப்பவும் வர்றத விடக் கூட வருது."

"நம்ம மேலயுமா விழுகுது?"

"நம்ம மேலயுந்தான். உள்ள பூந்து போயிருது."

"ஒண்ணும் தெரியலையே," என்றார் அவர், கையை நீட்டிப் பார்த்துக்கொண்டு.

மாசி மாதம் தந்தி வந்தது. உத்தமபாளையத்திலிருந்து சைக்கிளில் வந்த ஆள் அதைக் கருத்தக்கண்ணன் கையில் கொடுத்தான். இங்கிலீஷ். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தது ஒருத்திக்குத்தான். அவள் தோப்பிலிருந்து வரும்வரை அவர் அதைப் பிரித்தபடியே கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். முருகம்மாள் உள்ளே மாவு இடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்தா போட்டிருக்கு? வர்றானாமா?"

கஸ்தூரி வாசித்தாள். இங்கிலாந்துக் கரைக்குப் பக்கத்தில் கண்ணிவெடியில் மோதிக் கப்பல் மூழ்கிவிட்டது. பிழைத்தவர்கள் பட்டியலில் அவன் பெயர் இல்லை. வாசித்து முடித்தவள் அதைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவளுக்கே இன்னும் உள்ளே போய்ச் சேராத செய்தியை அவள் வாய் அந்த இரண்டு பேருக்கும் சொல்லியது. உலக்கை நின்றது. அதற்குப் பிறகு வீட்டில் எழுந்த சத்தத்தில், தான் அழுதோமா இல்லையா என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

உடம்பு இல்லாமலே எல்லாம் நடந்தது. அவளை ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். கருமாதி முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது. பெண்கள் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். சுந்தர்ராஜ் சின்ன வயதில் செய்த குறும்புகள், மாமரத்தில் ஏறிக் கையை முறித்துக்கொண்டது, பாட்டுப் பாடிக்கொண்டு ஆற்றில் குளித்தது என்று என்னென்னவோ ஒப்பாரியில் வந்தன. அவன் பாடுவான் என்பதே அவளுக்குப் புதிய செய்தி. இத்தனை பேருக்குத் தெரிந்திருந்த அவனை நினைத்து அழத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று தேடினாள். முதுகில் தட்டியது இருந்தது. தோப்பில் மின்சாரம் ஏற்றாமல் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த இழை இருந்தது.

சில நாள் போயின. ஒரு காலையில் முருகம்மாள் அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுதழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"போறப்ப உங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்?"

"ஒரு நாளும் விட்றாதன்னு சொன்னாக அத்தை."

"அப்ப என்னத்துக்கு இங்கன உக்காந்திருக்க?"

சுற்றியிருந்தவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். "என்ன முருகு, ஊரு என்ன சொல்லும்?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். "ஊருக்கா எம்மகன் செத்தான்?" என்று முருகம்மாள் எழுந்து, மருமகளின் கையைப் பிடித்துத் தூக்கி, தெரு வழியாகவே தோப்புக்குக் கூட்டிப்போனாள். கஸ்தூரி அளந்து முடிக்கும்வரை தென்னைமர நிழலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஒரு தடவையும் எட்டிப் பார்க்கவில்லை. அதே முருகம்மாள்தான் அந்த வாரமே, "கல்லுக்கணக்கா இருக்காளே, ஒரு சொட்டுக் கண்ணீரு வரலையே," என்று அண்டைவீட்டில் சொன்னாள். இரண்டையும் கஸ்தூரி ஏற்றுக்கொண்டாள். அளக்காமல் விட்ட அந்த நாட்களின் கட்டங்களைக் கணக்குத்தாளில் நிரப்பாமல் வெறுமையாகவே விட்டாள்.

பங்குனியில் ஒரு கட்டு வந்தது. போர்ட் செய்தில் தபாலில் சேர்த்தது, யுத்தகாலத் தணிக்கையில் கிடந்து, போனவன் போன பிறகு வந்தது. ஒவ்வொரு தாளையும் முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, எண்ணாக இல்லாத ஒரு சொல்லைத் தேடினாள். எல்லாம் எண்கள்தான். துண்டுக் காகிதம்கூட இந்தத் தடவை இல்லை.

பேராசிரியர் வருத்தம் தெரிவித்து எழுதியிருந்தார். வேலையை நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தவில்லை என்று எழுதினாள். அடுத்த கடிதத்தில் அவர் ஒரு புதுச் செய்தி சொன்னார். தரைக்கு வந்து சேரும் கதிர்களில் பெரும்பங்கு, வானத்தின் மேல்தட்டில் பிறந்து நொடியில் மடிந்துபோகும் துகள்கள் என்று மேல்நாட்டில் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். வெயிலில் காற்று விரிந்தால் அவை பிறக்கும் இடம் உயரே போய்விடும். வழி நீளும். வழியிலேயே நிறைய மடிந்துவிடும். காற்றின் கனம் மாறாமல், வெறும் சூட்டினால் மட்டும் கணக்குக் குறையும். அப்படிக் குறைகிறதா என்று உங்கள் பெட்டியில் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அவள் மார்கழியையும் சித்திரையையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புயலன்று பிடித்த விகிதத்தைக்கொண்டு காற்றின் கனத்தை முதலில் கழித்தாள். மிச்சம் இருந்தது. இரண்டு சித்திரையிலும் கதிர்கள் குறைந்திருந்தன. இரண்டு மார்கழியிலும் ஏறியிருந்தன. ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதங்களாகச் சேர்த்துப் பார்த்தால் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. லண்டன் குளிர், கொழும்பு வெக்கை. அவன் கண்ட பன்னிரண்டு சதவீதத்தில் ஒரு பகுதி காந்தத்தால் வந்ததல்ல. சூட்டினால் வந்தது.

சில நாள் அவள் அந்தக் கணக்கைத் தொடவில்லை. கூடப் பேச ஆள் இருந்தால் பேசியிருப்பாள். அவன் அந்த எண்ணைச் சொன்னபோது கண் மின்னியதை நினைத்தாள். இப்போது அதைக் குறைக்கப்போவது அவள் கை. இல்லை என்று வாதாட அவன் இல்லை. பேராசிரியருக்கு, ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் முடிந்தது.

பிறகு ஒரு காலையில் உட்கார்ந்து, செங்கடலில் தொடங்கினாள். சட்டையைப் பிழிந்து பிழிந்து போட்ட அந்த வெக்கையைக் கழித்தாள். அரபிக் கடலின் ஆட்டத்தைக் கழித்தாள். வடக்கின் குளிரைக் கழித்தாள். அவன் பட்ட வானிலையெல்லாம் எண்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறியது. முடிவில் எட்டு சதவீதம் நின்றது.

தை பிறந்ததும் பேராசிரியர் நேரிலேயே வந்தார். மெலிந்த, பேச்சுக் குறைந்த மனிதர். கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து அன்று பகல் முழுக்கக் கணக்கைச் சரிபார்த்தார். கருத்தக்கண்ணன் கொடுத்தனுப்பிய இளநீர் அப்படியே இருந்தது.

"சரியாத்தான் இருக்கும்மா," என்றார். "நாங்க நெனச்சதைவிடச் சின்ன எண். ஆனா இது நிக்கும். இதை யாரும் அசைக்க முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சுந்தர்ராஜ் இருந்தா இதை ஒத்துக்கிட்டிருப்பாரா? உங்களுக்குத்தானே தெரியும்?"

அவள் யோசித்தாள். எந்தக் கடலில் எந்த நாளில் அவன் அறை எவ்வளவு சூடாக இருந்தது என்று கேட்டால் பார்க்காமலே சொல்வாள். கோபம் வந்தால் அவன் எப்படி இருப்பான், தோற்றுப்போனால் என்ன செய்வான் என்பது அவளுக்குத் தெரியாது.

"தெரியலைங்கய்யா," என்றாள். அவன் போன பிறகு, இன்னொருவர் பார்க்க, அன்றுதான் அழுதாள். பேராசிரியர் எழுந்து வெளியே போய் நின்றார்.

கட்டுரையில் இரண்டு பேர் பெயரும் வரும் என்றார். மேல்நாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினால் யுத்தத்தில் எப்போது அச்சாகுமோ என்றார். கிளம்பும்போது, இன்னும் ஒரு வருஷம் இதே பெட்டியை உயரமான இடத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால் நல்லது, மேகமலை எஸ்டேட்டில் ஒரு ஷெட் தருகிறார்கள், ஆள்தான் கிடைக்கவில்லை என்றார்.

"நான் போறேன்."

அன்று சாப்பிடும்போது கருத்தக்கண்ணன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். "அங்கன உனக்கு யாரு இருக்கா ஆத்தா?"

"இங்கன யாரு இருக்கா மாமா?"

சொன்ன பிறகுதான் மழையில் கயிற்றைப் பிடித்து நின்ற கை அவள் கண்ணில் பட்டது. அதே கைதான் சோற்றில் அசையாமல் இருந்தது. திருப்பி எடுக்க முடியாத சொல். முருகம்மாள் எழுந்துபோய், பெட்டியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துக்கொண்டு வந்து மருமகளின் பக்கத்தில் வைத்தாள்.

சின்னமனூரிலிருந்து மலைப்பாதையில் ஈயக் கட்டிகளைத் தனியாகவும் குண்டைத் தனியாகவும் ஆட்கள் சுமந்து ஏறினார்கள். கருத்தக்கண்ணன் அடிவாரம்வரை வந்து, அவள் வளைவில் மறையும்வரை நின்றார்.

எஸ்டேட் ஷெட் தேயிலைச் சரிவின் ஓரத்தில் இருந்தது. பெட்டியை மட்டம் பார்த்து வைத்து முடிக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. முதல் அளவை எடுத்தபோது, ஸ்டாப் வாட்ச் கெட்டுவிட்டது என்று நினைத்தாள். இழை அவ்வளவு வேகமாக ஓடியது. மறுபடி மின்சாரம் ஏற்றி அளந்தாள். தோப்பில் ஒரு நாளும் பார்க்காத ஓட்டம். கீழே எத்தனையோ மாதம் அரிதாகச் சொட்டிக்கொண்டிருந்தது இங்கே கொட்டுகிறது. உயரம் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்று தெரியும், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.

தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயன் வீட்டிலிருந்து ஜக்கம்மா என்ற பெண் வெந்நீர்ப் பானையோடு வந்து வாசலில் நின்றாள். "ஏந்தாயி, அப்படி என்னத்தப் பாக்குறீக?"

"வேகமா ஓடுது," என்றாள் கஸ்தூரி.

"என்னது ஓடுது?"

கஸ்தூரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஸ்டூலில் இடம்விட்டாள்.

"வாங்க. பானைய எறக்கி வச்சுட்டு வந்து பாருங்க. மூச்சை மட்டும் மெல்ல விடுங்க."